வழுவமைதியும் வாய்மூடலும்

விழா மலர்க் குழுவினர் என்னிடம் ஒரு கட்டுரை வேண்டியபோது, தமிழாசிரியன் ஆகையால் திருக்குறளைப் பற்றியோ, முன்னேசுவரத்தின் பழமையைப் பற்றியோ, உடப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதியைப் பற்றியோ எழுதுவேன் என்றே எண்ணியிருப்பர். அவற்றை எழுதுதற்கு என்னினும் வல்லார் பலர் உளர். நான் எழுதப் புகுவது கணினிச் செய்நிரல்களில் எழும் பிழைகளைப் பற்றியும், அப்பிழைகளின் வாயை மூடி வைக்கும் வழக்கத்தைப் பற்றியும் ஆகும். இவருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கொழும்பிலும் கட்டாரிலும் கனடாவிலும் கணினித் தொழில் புரியும் பழைய மாணவர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றே என் தகுதி. அதுவும் தமிழுக்குப் பெற்றது. ஆயினும், பிழை நேர்ந்தால் அதனை என்ன செய்வது என்னும் வினாவைத் தமிழிலக்கணம் நெடுங்காலத்துக்கு முன்பே எடுத்து ஆராய்ந்திருக்கிறது. அவ்விலக்கணம் என் பாடம். அன்றியும், வாய்மூடப்பட்ட ஒரு பிழையால் ஒரு பிள்ளைக்கு அநீதி நேர்ந்தபோது அதில் எனக்கும் பங்கிருந்தது. ஆதலின் எழுதுகிறேன்.

நான் முன்பு கற்பித்த வேறொரு பாடசாலையில் நிகழ்ந்தது அது. இக்கரையோரத்திலுள்ள பாடசாலையே, பெயர் வேண்டா. 2023ஆம் ஆண்டு, தவணைப் பரீட்சை முடிந்த வேளை. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பைதன் மொழியிலே புள்ளிப் பட்டியல் ஆயத்தஞ் செய்யும் செய்நிரலொன்றை எழுதித் தந்தான். ஆசிரியர்கள் தத்தம் பாடப் புள்ளிகளை ஓர் அட்டவணையில் தட்டிக் கொடுத்தாற் போதும். மொத்தம், சராசரி, வகுப்பில் நிலை யாவற்றையும் அது கணக்கிட்டு அச்சுக்கு ஈந்துவிடும். மூன்று இரவு கண்விழித்துக் கூட்டிப் பழகிய எங்களுக்கு அது தெய்வச் செயல் போலத் தோன்றிற்று.

முதன்முறை ஓட விட்டபோது செய்நிரல் நடுவழியில் நின்றது. பரீட்சைக்கு வராத பிள்ளைக்கு நாங்கள் புள்ளிக்குப் பதிலாக ஒரு சிறு கோடு இடுவது வழக்கம். எண் இருக்கவேண்டிய இடத்திலே கோட்டைக் கண்ட பைதன், இதனை எண்ணாக மாற்ற இயலாது என்று கூறி நின்றுவிட்டது. அதிபரோ பட்டியலை அன்று மாலைக்குள் கேட்டிருந்தார். மாணவன் ஓரிரு வரிகளைச் சேர்த்தான். அவற்றைத் தமிழிற் சொன்னால், "முயன்று பார்; எது நேரினும் பேசாது கட" என்று பொருள்படும். செய்நிரல் இடையூறின்றி ஓடி முடிந்தது. நாங்கள் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தோம். நானுந் தட்டிக் கொடுத்தேன்.

பதினோராந் தரத்து மாணவி ஒருத்தி தமிழ்ப் பாடத்தில் 80 புள்ளி பெற்றிருந்தாள். அவ்வகுப்பில் அதுவே மிக உயர்ந்த புள்ளி. அதனை அட்டவணையிற் பதித்தவன் நான். எட்டைத் தட்டியபின், பூச்சியத்துக்குப் பதிலாக ஆங்கில ஓ எழுத்தைத் தட்டிவிட்டேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றே; கணினிக்கு அல்ல. செய்நிரல் அதனை எண்ணாக்க முயன்றது, இயலவில்லை, கட்டளைப்படி பேசாது கடந்தது. அப்பொழுது, புள்ளி என்று பெயரிடப்பட்ட நினைவுப் பெட்டியில், இடாப்பில் அவளுக்கு முன்னிருந்த மாணவனின் 23 அப்படியே கிடந்தது. அதுவே அவள் பெயருக்கு எதிரிலும் ஏறியது. வராத பிள்ளைகளுக்கும் இவ்வாறே முன்னவர் புள்ளி வழங்கப்பட்டிருந்தது. அவர்கள் கிடைத்தது இலாபமென்று வாய் திறக்கவில்லை போலும்.

தமிழ்ப் பாடப் பரிசு வேறொரு பிள்ளைக்குப் போயிற்று. 23 எடுத்தவளை மெல்லக் கற்போர்க்கான மாலை வகுப்பிற் சேர்த்தோம். விடைத்தாள்களைத் திருப்பிக் கொடுக்க நான் மூன்று வாரம் தாமதித்தேன். கொடுத்த அன்று அவள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசையருகே வந்து, "சேர், இது என்னுடைய தாள்தானா?" என்று கேட்டாள். தன் கையெழுத்தைக் கண்டும் தாளை ஐயுற்றாளே தவிர, அச்சிட்ட பட்டியலை ஐயுறவில்லை.

மாணவனை அழைத்து வினவினேன். "பிழை வராமல் இருக்கத்தானே, சேர், அந்த வரியைப் போட்டேன்" என்றான். பிழை வராமலன்று, அது தெரியாமலே அவ்வரியை இட்டான் என்பதை இருவரும் அமர்ந்து பார்த்தே கண்டுகொண்டோம். அன்று தொடங்கிற்று இத்துறையில் என் நாட்டம்.

செய்நிரல் மொழிகள் பிழையை அறிவிக்கும் முறைகள் பல. நம் மாணவர் சாதாரண தரத்திற் பயிலும் பஸ்கால் மொழியிலே ஒரு வழி உண்டு. கோப்பொன்றைத் திறக்கையில் நேரும் பிழைக்காகச் செய்நிரல் நில்லாதிருக்கவேண்டுமாயின், சுருள் அடைப்புக்குள் டொலர்க் குறியும் ஐ என்னும் எழுத்தும் கழித்தற் குறியும் இட்டு அச்சோதனையை அணைத்துவிடலாம். ஆனால் அணைத்தவன்மேல் ஒரு கடமை விழுகிறது: செயல் கைகூடியதா என்று அவனே உடன் கேட்டறிதல் வேண்டும். கேளாதிருப்பின், பின்வரும் வாசிப்பும் எழுத்தும் யாவும் நிகழாமலே போகும். நான் பேசமாட்டேன், நீ கேள் என்பது அம்மொழியின் உடன்படிக்கை. இது எனக்குப் பிடித்த முறை. கண்டிப்பான பழைய தலைமையாசிரியர் ஒருவரை நினைவூட்டுகிறது.

உயர்தரத்தில் இணையத்தளம் அமைக்கப் பயிலும் பி.எச்.பி. மொழியில் வழி இதனினும் எளிது. எளிதாகையால் தீங்கும் மிகுதி. மின்னஞ்சல் முகவரியின் நடுவே இடுகிறோமே ஒரு சுழிக்குறி, அதனை ஒரு கூற்றின் முன்னே இட்டால், அக்கூற்றிலிருந்து எழும் எச்சரிக்கை யாதும் வெளிவராது. ஒரே ஓர் எழுத்துப் போதும், வாய் மூடிவிடும். ஒரு காலத்தில் செய்நிரலையே நிறுத்திவிடும் பெரும்பிழைகளின் அறிவிப்பையும் இக்குறி விழுங்கிவிட்டது. செய்நிரல் நிற்கும், ஏன் நின்றதென்று ஒரு சொல்லும் வாராது. 2020ஆம் ஆண்டு வெளிவந்த எட்டாம் பதிப்பிலேதான் அப்பெரும்பிழைகளை மூடும் ஆற்றல் அக்குறியிடமிருந்து பறிக்கப்பட்டது. சிறு எச்சரிக்கைகளை இன்றும் அது மூடும்.

பைதனை ஆக்கியோர் பிழை ஓசையின்றிக் கடந்து போதல் ஆகாது என்பதைத் தம் கொள்கைகளுள் ஒன்றாக வைத்திருக்கின்றனர். வெளிப்படையாக அடக்கினாலன்றி என்று ஒரு புறனடையும் கூறுகின்றனர். அப்புறனடைதான் என்னை இலக்கணத்துக்கு இட்டுச் சென்றது.

தமிழிலக்கணம் சொற்றொடரை மூன்றாக நோக்கும். வழுவாத நிலை வழாநிலை. வழுவிய நிலை வழு. வழுவாயினும் ஏதேனும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடத்தும் வழு நிகழலாம் என்று நன்னூலார் வகுத்தார். அவருக்கும் நெடுங்காலம் முன்னே தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே இப்பொருளை எடுத்தாண்டார். வழுக்காத்தல் இருவகைத்து என்பர் உரையாசிரியர்: வழுவற்க என்று தடுத்தல் ஒன்று, வழுவினும் அமைக என்று காரணங் காட்டி அமைத்தல் மற்றொன்று. மூன்றாவதொரு வகை, வழுவைக் காணாதது போல இருந்துவிடல், அவர்கள் நூலில் இல்லை.

வீட்டுப் பசுவை என் அம்மை வந்தாள் என்று ஒருவர் சொல்கிறார். அஃறிணை உயர்திணையாயிற்று, வழு. ஆயினும் உவகை காரணமாகச் சொன்னமையால் அமைக்கப்பட்டது. மகளை வாடா ராசா என்று கொஞ்சும் தந்தை பால் வழுவினார், அதுவும் அமையும். தாய் அழைக்க, இன்னும் கடற்கரை மணலிலே விளையாடிக்கொண்டிருக்கும் பையன் "இந்தா வந்திட்டன்" என்கிறான். வராதவன் வந்துவிட்டேன் என்பது கால வழு. விரைவு பற்றி அமைந்தது. (அவன் விரைவு எத்தகையது என்பதைத் தாயே அறிவாள்.)

இங்கே நோக்கத்தக்கவை மூன்று. அமைக்கப்பட்ட பின்னும் வழுவுக்கு வழு என்ற பெயர் நீங்கவில்லை. வழுவமைதி என்றே வழங்குகிறோம். அமைத்தற்குரிய காரணம் சொல்லப்படுகிறது. உவப்பு, உயர்வு, சினம், இழிவு, விரைவு என்று காரணம் ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு, பெயரில்லாக் காரணத்தால் எதுவும் அமையாது. மேலும், அமைதி அவ்வோரிடத்துக்கே உரியது. பசுவை அம்மை என்றமையால் ஊரிலுள்ள அஃறிணை அனைத்தும் உயர்திணை ஆகிவிடா.

மாணவன் எழுதிய வரி இம்மூன்றில் ஒன்றையும் நிறைவு செய்யவில்லை. எது நேரினும் கட என்றான். எதற்கு என்று சொல்லவில்லை. அவன் மனத்திலிருந்த காரணம் கோடு ஒன்றே. அவன் மூடிய வாயோ கோட்டுக்கும் ஓ எழுத்துக்கும் இனி வரக்கூடிய ஆயிரம் தவறுகளுக்கும் பொதுவான வாய். கோடு வரின் இப்பிள்ளை வரவில்லை எனக் கொள்க என்று எழுதியிருந்தால் அது வழுவமைதி. எழுதியது வாய்மூடல்.

நம் பௌதிக ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டை நாள்தோறும் கற்பிக்கிறார்கள். வேணியர் இடுக்கிமானியை மூடி வைத்தபோதும் அளவு பூச்சியத்தில் நில்லாவிட்டால் அதனைப் பூச்சிய வழு என்பர். அக்கருவியை எறிவதுமில்லை, வழுவை மறைப்பதுமில்லை. எவ்வளவென்று அளந்து ஏட்டிற் குறித்து, ஒவ்வோர் அளவீட்டையும் அதற்கேற்பத் திருத்துகிறார்கள். என் பிழையும் ஒரு பூச்சிய வழுவே. அதனைக் குறிக்கத்தான் ஏடு இருக்கவில்லை.

இனி மறுப்புரைகள். இணையத்தளத்திலே பிழையறிவிப்பை மூடாமல் விட்டால் வருவோர் போவோரெல்லாம் காண்பாரே என்பர். இது மெய். பிழையறிவிப்பிலே கோப்பின் இருப்பிடமும் தரவுத்தள அட்டவணைகளின் பெயரும் வெளிப்படக்கூடும்; திருடனுக்கு வாசலைக் காட்டியதாகும். ஆகையால் பொதுமக்கள் திரையில் அவை தோன்றாமல் வைத்தலே முறை. ஆனால் அதே அறிவிப்பு செய்நிரலுக்கு உரியோரின் பதிவேட்டில் ஏறவேண்டும். பி.எச்.பி. மொழியில் திரையில் காட்டுதற்கு ஒரு திறவும் பதிவேட்டில் எழுதுதற்கு வேறொரு திறவுமாக இரண்டு தனித்தனியே அமைந்திருப்பது இதற்காகவே. தேர்த்திருவிழாவன்று அச்சு முனகினால் வடம் பிடிக்கும் அடியாரிடம் அதைச் சொல்லவேண்டா, தச்சனிடமும் சொல்லாதிருக்கலாமோ?

வேறு சிலர், எல்லாப் பிழைக்கும் விடை எழுதும்படி மொழியே கட்டாயப்படுத்தினால் என்ன என்பர். ஜாவா மொழி பலவகைப் பிழைகளுக்கு அவ்வாறு செய்தது. பிழையைப் பிடித்துக் கையாளவேண்டும், அன்றேல் கையாளவில்லை என்று தலைப்பிலே அறிவிக்கவேண்டும். இரண்டுமின்றேல் மொழிபெயர்ப்பி ஏற்காது. விளைந்தது என்ன? செய்நிரலாளர் பலர் பிடிக்கும் பகுதியை எழுதி, அதனுள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டனர். சட்டத்துக்கு வெற்றுப் பெட்டி. இதனை நாம் எள்ளுதற்கில்லை. அப்பியாசக் கொப்பிகளை நாற்பதாக அடுக்கி, வாசியாமலே சரியிட்டு ஒப்பமிட்ட இரவுகள் ஆசிரியர் எவருக்குத்தான் இல்லை?

எதிர்ப்புறத்தே நிற்போரும் உளர். ஐயம் எழுந்த இடத்திலெல்லாம் நின்றுவிடு, நிற்பதே நேர்மை என்பது அவர் கொள்கை. சிறு செய்நிரல்களுக்கு நானும் அக்கட்சியே. எனினும் நிற்பதற்கும் விலையுண்டு என்பதை இக்கரையோரத்தார்க்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை மின்னுப நிலையத்திலே ஒரு குரங்கு புகுந்ததே தொடக்கமென்று அமைச்சர் கூறினார், உலகம் நகைத்தது. வலையமைப்பின் சமநிலை குலைந்ததும், நம் நுரைச்சோலையிலுள்ள லக்விஜய நிலையத்தின் பொறிகள் தம்மைத் தாமே துண்டித்துக்கொண்டன. ஒவ்வொன்றும் 300 மெகாவாற்று ஆற்றலுடையவை, அவை மூன்று. காப்புக் கருவிகள் தம் கடமையைச் செய்தன. செய்யாதிருந்தால் பொறிகளே பழுதுற்றிருக்கலாம். ஆயினும் நிலக்கரி உலை நின்றால் விளக்கைப் போல உடனே மீண்டும் எரிவதன்று. அடுத்து வந்த நாட்களிலும் நாடு மின்வெட்டைப் பொறுக்க நேர்ந்தது. நிற்பதா தொடர்வதா என்பது அவ்வவ்விடத்தை அறிந்து தீர்மானிக்கவேண்டியது என்பதற்கு நம் வாசலிலேயே சான்று நிற்கிறது, உயர்ந்த புகைபோக்கியுடன்.

இதனினும் பெரிய சான்று கடல்கடந்த ஓரிடத்தில் உண்டு. அதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். வழுவமைதிக்குக் காரணம் எழுதாமையால் நேர்ந்த கேட்டுக்கு அதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

1996ஆம் ஆண்டு யூன் 4ஆந் தேதி, தென் அமெரிக்காவிலுள்ள பிரெஞ்சுக் கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன் 5 என்னும் ஐரோப்பிய விண்கலம் முதன்முறையாகப் புறப்பட்டது. பறப்புத் தொடர் ஆரம்பித்து ஏறத்தாழ 40 செக்கனில், 3,700 மீற்றர் உயரத்தில், பாதை பிறழ்ந்து உடைந்து வெடித்தது. அதனுள் நான்கு ஆய்வுச் செய்மதிகள் இருந்தன. காரணம் ஏடா என்னும் மொழியில் எழுதப்பட்ட செய்நிரலின் ஒரு பகுதி. முந்திய விண்கலமாகிய ஏரியன் 4இலிருந்து அது அப்படியே எடுக்கப்பட்டிருந்தது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஒரு பெரிய எண்ணை 16 பிற்று அளவுள்ள சிறு பெட்டிக்குள் அடக்க அது முயன்றது. அப்பெட்டி கொள்ளும் மிகப் பெரிய எண் 32,767. புதிய கலம் பழையதினும் விரைவுடையது. எண் பெட்டிக்குள் அடங்கவில்லை. விதிவிலக்கு எழுந்தது.

இங்கு மறதி ஒன்றும் நிகழவில்லை என்பதே வியப்பு. இத்தகைய மாற்றத்துக்கு உள்ளாகும் மாறிகள் ஏழு. கணினியின் சுமை 80 வீதத்தைத் தாண்டலாகாது என்னும் கட்டுப்பாடு இருந்தமையால், நான்குக்குக் காப்பு அமைத்து மூன்றை வாளா விட்டனர். அம்மூன்றும் இயற்கையிலேயே எல்லை கடவா, அல்லது எல்லைக்கு இன்னும் நெடுந்தூரம் உண்டு என்பது அவர்கள் ஆராய்ந்து கண்ட முடிவு. பழைய கலத்தைப் பொறுத்தவரை அம்முடிவு சரியானதே. அது ஒரு வழுவமைதி, காரணமும் இருந்தது. ஆனால் அக்காரணம் செய்நிரலுள்ளே அவ்விடத்தில் எழுதப்படவில்லை. கணித அறிஞர் சாக் லூயி லியோன்சு தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவினர் இதனைக் குறிப்பாக எடுத்துக்காட்டினர்: ஏன் காப்பின்றி விடப்பட்டது என்பதற்கு மூலச் செய்நிரலில் நேரடிக் குறிப்பு யாதும் காணப்படவில்லை; ஏராளமான ஆவணங்களிடையே அது மறைந்து போயிற்று. புதிய கலத்துக்கு எடுத்தாண்டவர்கள் கண்டது காரணமற்ற ஒரு வெற்றிடத்தை.

இன்னுமொன்று. விதிவிலக்கு எழுந்தால் கணினி தன்னை நிறுத்திக்கொள்ளவேண்டும் என்பது அங்கு வகுக்கப்பட்டிருந்த விதி. பிழை என்றால் அது உறுப்பொன்றின் தற்செயலான பழுதாகவே இருக்கும், மற்றக் கணினி காப்பாற்றும் என்று எண்ணினர். மற்றக் கணினியிலும் அதே செய்நிரல். அது அதே காரணத்தால் கணநேரம் முன்னரே நின்றிருந்தது. நின்ற கணினி அனுப்பிய பிழைக்குறிப்பைப் பறப்புக் கணினி மெய்யான அளவீடென்று கொண்டு கலத்தைத் திருப்பிற்று. என் மாணவியின் பெயருக்கு எதிரே ஏறிய 23உம் இவ்வினத்தைச் சேர்ந்ததே: அளவீடல்லாத ஒன்று அளவீட்டின் உடையில் வந்தமர்ந்தது.

எச்சரிக்கையைப் பற்றி ஒரு சொல். பிழை வேறு, எச்சரிக்கை வேறு. இன்று ஓடும், நாளை ஓடாது போகலாம் என்பது எச்சரிக்கை. இது மிகுந்தால் செவி மரத்துவிடும். பைதனிலே, இவ்வசதி இனி நீக்கப்படும் என்னும் வகை எச்சரிக்கைகள் செய்நிரலைப் பயன்படுத்தும் பொதுமக்களையும் தொல்லைப்படுத்தியமையால், 2010, 2011 ஆண்டுகளில் வந்த பதிப்புகளில் அவை இயல்பாகவே மறைக்கப்பட்டன. மறைத்தமையால் எழுதுவோரும் அவற்றைக் காணாது போயினர். 2018இல் வந்த பதிப்பில், ஒருவர் தாம் நேரே ஓட்டும் செய்நிரலிலிருந்து எழுபவை மட்டும் அவருக்கு மீண்டும் காட்டப்பட்டன. யாருக்குச் சொல்வது என்று தெரிந்து சொல்லக் கற்க அவர்களுக்கும் காலம் பிடித்தது. நம் கரையோரத்து மீனவர் காற்றெச்சரிக்கை அடிக்கடி வருகிறதென்று வானொலியை உடைப்பதில்லை; களப்புக்கு எது, ஆழ்கடலுக்கு எது என்று பிரித்தறிகிறார்கள்.

நம் மாணவர்பால் வருவோம். அவர்கள் பிழையறிவிப்பின் வாயை ஏன் இவ்வளவு விரைவில் மூடுகிறார்கள்? சோம்பல் என்று கணினி ஆசிரியர்கள் சொல்வர். நான் உடன்படேன். அறிவிப்பு ஆங்கிலத்தில் வருகிறது. சிவப்பு எழுத்தில் வருகிறது. பல வரியாக வருகிறது. தமிழ் மொழி மூலம் பயிலும் பிள்ளைக்கு அது விளங்காத மொழியில் ஏசுவது போலப் படுகிறது. ஏசுபவன் வாயை மூடவே எவரும் விரும்புவர். முத்தையா அண்ணாமலை என்பார் உருவாக்கிய எழில் என்னும் தமிழ்ச் செய்நிரல் மொழியைச் சில மாணவர்க்குக் காட்டினேன். பைதன் மீது கட்டப்பட்ட அம்மொழியில் ஆனால், இல்லை, முடி, பதிப்பி என்று கட்டளைகள் தமிழிலேயே அமையும். அதனை எழுதிப் பார்த்தபோது பிள்ளைகளின் அச்சம் பாதி குறைந்ததைக் கண்டேன். ஆயினும் பரீட்சைக்குப் பைதனே வேண்டும்.

ஆகவே ஆங்கில அறிவிப்பையே பாடமாகக் கற்பிக்கலாம் என்பது என் கருத்து. பழைய செய்யுளுக்குப் பொருள் காணும்போது முதலடியில் தொடங்கித் தடுமாறும் மாணவனிடம், முதலில் வினைமுற்றைத் தேடு, பெரும்பாலும் இறுதியில் இருக்கும், அதிலிருந்து பின்னோக்கி வா என்று சொல்லிக் கொடுக்கிறோம். பைதனின் பிழையறிவிப்பும் அவ்வாறே. கடைசி வரியிலே பிழையின் பெயர். அதற்குச் சற்று மேலே அது நேர்ந்த வரியின் எண். இன்னும் மேலே எவ்வழியாக அவ்விடம் வந்து சேர்ந்தது என்னும் வரலாறு. கீழிருந்து மேலாக வாசிக்கவேண்டும். அடிக்கடி வரும் பிழைப்பெயர்கள் பத்துக்கு மேல் இரா. அவற்றுக்குப் பதவுரை எழுதி ஆய்வுகூடச் சுவரில் ஒட்டுதற்கு ஒரு பிற்பகல் போதும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் பழைய மாணவர்கள் மேடையில் மாலை ஏற்பதோடு நில்லாது, அப்பிற்பகலை நமக்குத் தருவார்களாயின் பேருதவியாகும். சுவரில் ஒட்டும் தாளை நான் எழுதுகிறேன். பிழைப்பெயரை அவர்கள் சொல்லட்டும்.

பழைய பாடசாலைக் கதைக்கு ஒரு முடிவு கூறவேண்டும். பட்டியலைத் திருத்தி மீண்டும் அச்சிட்டோம். மாணவியை மாலை வகுப்பிலிருந்து விடுவித்தோம். பரிசு பெற்ற பிள்ளையிடமிருந்து அதனைத் திரும்பக் கேட்க எவருக்கும் மனம் வரவில்லை. எனவே 80 புள்ளி பெற்றவளுக்கு நான் என் கைக்காசில் ஓர் அகராதி வாங்கிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். அது பரிசாகாது என்பதை நாங்கள் இருவரும் அறிந்திருந்தோம்.

செய்நிரல் எழுதிய மாணவன் தன் வரியை அழித்துவிட்டு வேறு எழுதினான். அதன் மேலே, கணினி கண்டுகொள்ளாத குறிப்பு வரியாக, தமிழில் இவ்வாறு எழுதச் சொன்னேன்: "இவ்விடத்துக் கோடு வரின் மாணவர் வரவில்லை எனக் கொள்க. வேறெது வரினும் நின்று, மாணவர் பெயரையும் பாடத்தையும் சொல்லுக." அடுத்த தவணையில் அச்செய்நிரலை ஓட விட்டோம். பதினோரிடத்தில் அது நின்று பெயர் சொல்லிற்று. அவற்றுள் ஏழு தமிழ்ப் பாடத்தில்.